லத்தீனோ பிள்ளைகளுக்குக் கோடிங் வகுப்பு: கலிஃபோர்னியாவில் பள்ளியோடு சேர்ந்து தொடங்குவது எப்படி?

கலிஃபோர்னியாவின் அரசுப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் லத்தீனோக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். சிலிக்கான் பள்ளத்தாக்கில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலருக்குக் கிழக்கு சான் ஹோசே போன்ற பகுதிகளில் இந்தப் பிள்ளைகளுக்குக் கோடிங் சொல்லித்தர ஆசை இருக்கிறது. பாடத்தைத் தயார் செய்வது அவர்களுக்குப் பெரிய வேலையே இல்லை. ஆனால் பள்ளி வாசலைத் தாண்டுவதற்குள் கைரேகை, காசநோய்ச் சான்று, காப்பீடு, ஒப்பந்தம் என்று ஒவ்வொன்றாக வந்து மாதங்கள் ஓடிவிடும். ஒரு தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அடுத்த தாளின் பெயரைச் சொல்வார்கள். எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகத் தர ஆளில்லாமல் நான் அலைந்திருக்கிறேன். அந்தப் பட்டியலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான்கு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு, பள்ளி முடிந்த பிறகு, வாரம் ஒரு நாள், பத்து வாரம் இலவசமாக நடத்துகிற வகுப்பை மனதில் வைத்தே எல்லாவற்றையும் சொல்கிறேன். வேறு மாநிலத்தில் இருந்தால் சட்டங்களின் பெயர் மாறும். வேலை ஏறக்குறைய இதேதான்.

1. முதல் வேலை: கூட்டாளியைப் பிடிப்பது

நேராகப் பள்ளி பிரின்சிபாலுக்கு மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். பதில் வராது. வந்தாலும் "நல்ல யோசனை, அடுத்த வருடம் பார்க்கலாம்" என்பதோடு நின்றுவிடும். கலிஃபோர்னியாவில் குறைந்த வருமானக் குடும்பங்கள் அதிகமுள்ள பல பள்ளிகளில், பள்ளி விட்ட பிறகு மாலை 6 மணி வரை பிள்ளைகளை வைத்திருக்கும் திட்டம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஏ.எஸ்.இ.எஸ். என்று சொல்வார்கள். அதோடு 2021-22 கல்வியாண்டிலிருந்து ஈ.எல்.ஓ.பி. என்ற இன்னொரு மாநில நிதியும் வருகிறது. பல இடங்களில் இந்த மாலை நேரத் திட்டத்தைப் பள்ளி தானே நடத்துவதில்லை. ஒய்.எம்.சி.ஏ., பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ் கிளப் போன்ற ஓர் அமைப்பு நடத்தும். பள்ளி வளாகத்திலேயே அவர்களுக்கென்று ஒரு பொறுப்பாளர் இருப்பார். நீங்கள் பிடிக்க வேண்டியது அவரைத்தான்.

இதில் உங்களுக்கு மூன்று லாபம். அவர்களுக்குப் பள்ளியோடு ஒப்பந்தம் ஏற்கெனவே இருக்கிறது. காப்பீடு இருக்கிறது. பிள்ளைகளும் அங்கேயே இருக்கிறார்கள். அவர்களுக்கும் உங்களால் பயன் உண்டு: படிப்போடு வேறு பயிற்சிகளும் தந்தாக வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருக்கிறது, கோடிங் தெரிந்த ஆள் கிடைப்பது அரிது.

இந்தத் திட்டத்துக்கு வெளியே, அதே நேரத்தில் தனியாக ஒரு கிளப் தொடங்கிவிடாதீர்கள். மாநில நிதி பிள்ளைகளின் வருகைக் கணக்கை வைத்து வருவது. உங்கள் கிளப்புக்காக ஒரு பிள்ளை அங்கிருந்து எழுந்து வந்தால் அவர்கள் கணக்கு குறையும். உறவு அன்றே கெட்டுவிடும்.

இரண்டாவது கூட்டாளி, அந்தப் பகுதிக் குடும்பங்கள் ஏற்கெனவே நம்புகிற ஓர் அமைப்பு. சான் ஹோசேயின் மேஃபேர் பகுதியில் சோமோஸ் மேஃபேர் இருப்பதுபோல் ஒவ்வோர் இடத்திலும் தேவாலயமோ, சமூக மையமோ, கிளை நூலகமோ இருக்கும். மூன்றாவது, ஒரு கல்லூரி. சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் போல, இளங்கலை மாணவர்களில் கால்வாசிக்கு மேல் லத்தீனோக்கள் உள்ள கல்லூரிகளை ஹிஸ்பானிக் மாணவர்களுக்குச் சேவை செய்யும் நிறுவனங்கள் என்று மத்திய அரசு வகைப்படுத்துகிறது. அங்கே பெரும்பாலும் ஷ்பே என்கிற ஹிஸ்பானிக் பொறியாளர் சங்கத்தின் மாணவர் கிளை இருக்கும். அந்தச் சங்கத்துக்குக் குடும்பங்களோடு சேர்ந்து மாலை நேர அறிவியல் நிகழ்ச்சி நடத்திய அனுபவமும் உண்டு.

கல்லூரி மாணவர்களைச் சேர்ப்பதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். அதே தெருவில் வளர்ந்து, ஸ்பானிஷ் பேசி, இன்று கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற ஒரு பத்தொன்பது வயதுப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், நாம் ஒரு மணி நேரம் பேசியும் நடக்காதது பிள்ளைகளிடம் நடக்கும். அவர்கள் நேரத்துக்குப் பணம் கொடுக்க வழி தேடுங்கள். மத்திய அரசின் வேலை-படிப்பு உதவித்தொகையில் கல்லூரிகள் குறைந்தது 7 சதவீதத்தைச் சமூக சேவை வேலைகளுக்குச் செலவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் இதைச் சொல்லிக் கேளுங்கள். ஒத்துக்கொண்டால் உங்களுக்குப் பெரிய செலவில்லாமல் மாணவருக்குச் சம்பளம் கிடைக்கும்.

2. தனி அமைப்பைப் பதிவு செய்ய அவசரம் வேண்டாம்

"முதலில் ஒரு 501(சி)(3) தொடங்கிவிடலாம்" என்று, அதாவது வரிவிலக்குள்ள தொண்டு அமைப்பைப் பதிவு செய்யலாம் என்று, பலரும் ஆரம்பிக்கிறார்கள். சிறிய அமைப்புக்கான 1023-ஈஸி படிவத்துக்கு வருமான வரித் துறைக் கட்டணம் 275 டாலர், முழுப் படிவத்துக்கு 600 டாலர். அது சின்னத் தொகை. அதற்கு அப்புறம் ஆண்டுதோறும் மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும் கணக்குக் காட்டுவது, இயக்குநர் குழு, வங்கிக் கணக்கு, காப்பீடு என்று வருவதுதான் ஆளை உட்காரவைத்துவிடும். முதல் இரண்டு ஆண்டுகள் கூட்டாளி அமைப்பின் தன்னார்வலராகவே இருங்கள். நன்கொடை வாங்க வேண்டியிருந்தால் அவர்கள் பெயரிலேயே வாங்கி இந்த வகுப்புக்கென்று ஒதுக்கச் சொல்லுங்கள். நிர்வாகச் செலவுக்கு ஒரு பங்கு எடுத்துக்கொள்வார்கள். எத்தனை சதவீதம் என்பதை முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

3. விசாவில் இருப்பவர்கள் கவனிக்க

எச்-1பி வேலை விசாவிலோ, அவர்கள் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவிலோ இருப்பவர்கள் தொண்டு அமைப்பில் சம்பளமில்லாத, வழக்கமாகத் தன்னார்வலர்களே செய்கிற வேலையைச் செய்யலாம். சிக்கல் எங்கே வரும் என்றால், பல மாலை நேரத் திட்டங்கள் சொல்லித்தருபவர்களுக்கு அன்பளிப்புத் தொகையோ பரிசு அட்டையோ தருவார்கள். அதை வாங்காதீர்கள். வேறு யாராவது சம்பளத்துக்குச் செய்துவந்த வேலையை அப்படியே எடுத்துச் செய்யவும் வேண்டாம். சந்தேகம் இருந்தால் உங்கள் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வரி கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள்.

4. ஒப்பந்தமும் காப்பீடும்

கூட்டாளியோடு இரண்டு பக்க ஒப்பந்தம் போதும். ஆனால் இவை எழுத்தில் இருக்க வேண்டும்: எந்த நாள், எந்த அறை, எத்தனை பிள்ளைகள், அறையில் அவர்களுடைய ஊழியர் ஒருவர் கூட இருப்பார் என்பது, கணினி யாருடையது, உடைந்தால் யார் பொறுப்பு, பிள்ளைகளின் படங்களை யார் எங்கே போடலாம், நடுவில் நிறுத்துவதென்றால் எத்தனை நாள் முன்னறிவிப்பு.

அறையில் ஊழியர் இருப்பதை விட்டுக்கொடுக்கவே கூடாது. ஏ.எஸ்.இ.எஸ். திட்டத்தில் 20 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்பது விதி. "நீங்கள்தான் இருக்கிறீர்களே" என்று ஊழியரை வேறு அறைக்கு அனுப்பிவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. ஒரு பிள்ளைக்கு மூக்கில் ரத்தம் வந்தாலும், யாராவது அழுதாலும், என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர் அவர்தான்.

பள்ளி மாவட்டத்தோடு, அதாவது அந்தப் பகுதி அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்போடு, நேரடியாக ஒப்பந்தம் போட நேர்ந்தால், வழக்கமாக 10 லட்சம் டாலர் பொதுப் பொறுப்புக் காப்பீடு கேட்பார்கள்; அதில் மாவட்டத்தின் பெயரையும் காப்பீடு பெறுபவராகச் சேர்க்கச் சொல்வார்கள். பிள்ளைகள் பாதுகாப்பு தொடர்பான தனிக் காப்பீடும் பல மாவட்டங்கள் கேட்கின்றன. ஒப்பந்தம் கல்விக் குழுக் கூட்டத்துக்குப் போக வேண்டியிருந்தால் இன்னும் சில வாரங்கள் சேரும். கூட்டாளி வழியாகப் போவதன் அருமை இங்கேதான் தெரியும்.

5. கைரேகையும் காசநோய்ச் சான்றும்

மாதத்துக்கு 16 மணி நேரம் அல்லது ஆண்டுக்கு 32 மணி நேரத்துக்கு மேல் பிள்ளைகளோடு இருக்கும் தன்னார்வலர், இளையோருக்குச் சேவை செய்யும் அமைப்புகளில் கைரேகைச் சோதனைக்கு உட்பட வேண்டும். குழந்தை வன்கொடுமையை அறிவதற்கும் புகார் செய்வதற்குமான பயிற்சியையும் முடிக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 2022 முதல் இது சட்டம். பயிற்சி இணையத்தில் இலவசம். பள்ளிகள் மணிக்கணக்கைப் பார்க்காமல் எல்லோரிடமும் கேட்பதும் உண்டு. எப்படியும் எடுத்துவிடுவதே நல்லது.

கைரேகை எடுப்பதை லைவ் ஸ்கேன் என்பார்கள். மாநிலத்துக்கும் எஃப்.பி.ஐ.க்கும் கட்டணம் வரலாம்; தன்னார்வலருக்கு எவ்வளவு என்று கூட்டாளி அமைப்பிடம் கேளுங்கள். கைரேகை எடுக்கும் கடைக்குத் தனிக் கட்டணம், அது கடைக்குக் கடை மாறும். இதில் இரண்டு விஷயம் பாருங்கள்.

படிவத்தைக் கூட்டாளி அமைப்பிடம்தான் வாங்க வேண்டும். அதில் அவர்களுடைய குறியீட்டு எண் இருக்கும். முடிவு அந்த எண்ணுக்கு மட்டுமே போகும். அலுவலகத்துக்காகவோ வேறு பள்ளிக்காகவோ முன்பு எடுத்த கைரேகையை இங்கே காட்ட முடியாது. எந்த அமைப்பின் கீழ் போகிறீர்கள் என்று முடிவான பிறகே எடுங்கள். இல்லாவிட்டால் பணம் இரண்டு முறை போகும்.

அடுத்தது பெயர். நம் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஓரிடத்திலும் சொந்தப் பெயர் ஓரிடத்திலுமாக இருக்கும். சிலருக்கு ஓட்டுநர் உரிமத்தில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியவில்லை) என்றே அச்சாகியிருக்கும். படிவத்தில் உரிமத்தில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் முடிவு வருவது இழுத்துக்கொண்டே போகலாம்.

இப்போது காசநோய். பள்ளியில் பிள்ளைகளோடு அடிக்கடி பழகும் தன்னார்வலருக்கு இந்தச் சான்று வேண்டும். நான்கு ஆண்டுகளுக்குச் செல்லும். முதலில் ஒரு கேள்விப் பட்டியல்தான். அதில் ஆபத்துக் காரணி எதுவும் இல்லையென்றால் சோதனையே தேவையில்லை. ஆனால் காசநோய் அதிகமுள்ள நாட்டில் பிறந்தவரா, அங்கே வாழ்ந்தவரா என்ற கேள்வியும் அதில் உண்டு. இந்தியாவில் பிறந்தவர்கள் அந்த ஒரு கேள்வியாலேயே சோதனைக்குப் போக வேண்டியதுதான். மருத்துவரிடம் தோலில் ஊசி போடும் சோதனைக்குப் பதிலாக ரத்தச் சோதனை கேளுங்கள். சின்ன வயதில் நமக்குப் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியால் தோல் சோதனை தப்பாக நோய் உண்டென்று காட்டக்கூடும். அப்புறம் மார்பு எக்ஸ்ரே, இன்னொரு சந்திப்பு என்று வாரங்கள் போய்விடும். ரத்தச் சோதனையில் அந்தத் தொல்லை இல்லை.

6. கணினியும் கணக்குகளும்

புதிதாகக் கணினி வாங்கத் தேவையில்லை; பள்ளியில் க்ரோம்புக் மடிக்கணினிகள் இருக்கும். ஆனால் வகுப்புக்கு ஒரு மாதம் முன்பே ஒரு மாணவர் கணக்கில் நுழைந்து எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். ஆசிரியர் கணக்கில் திறப்பது மாணவர் கணக்கில் திறக்காது. மாவட்டத்தின் ஃபில்டர் எதைத் தடுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அனுமதி கேட்டு மாவட்ட ஐ.டி. பிரிவுக்கு எழுதினால் வாரங்கள் ஆகும். மாணவர் தகவல் பாதுகாப்புக்காக அங்கீகரித்த செயலிகளின் பட்டியல் ஒன்றை மாவட்டம் வைத்திருக்கும். அதில் இருப்பதை வைத்தே பாடத்தை அமைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பிள்ளைகள் கோடிங் பழகுவதற்கான ஸ்கிராட்ச் என்ற செயலி இலவசம். திரையின் மொழியை ஸ்பானிஷுக்கு மாற்றலாம். லத்தீன் அமெரிக்க ஸ்பானிஷ் தனியாகவே இருக்கிறது. 13 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளின் தகவலை இணையத்தில் சேகரிக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பது மத்திய சட்டம். அதனால் பிள்ளைகளைத் தனித்தனியாகக் கணக்குத் தொடங்கச் சொல்லாதீர்கள். ஆசிரியர் கணக்குக்கு விண்ணப்பித்து, அதிலிருந்தே மின்னஞ்சல் இல்லாத மாணவர் கணக்குகளை உருவாக்கிக் கொடுங்கள்.

பணம் இருந்தால் வாங்க வேண்டிய ஒரே பொருள் மைக்ரோபிட் என்ற குட்டிக் கணினி. ஒன்று 20 டாலரை ஒட்டி வரும். இரண்டு பேருக்கு ஒன்று போதும். உள்ளங்கையில் பாதி அளவுதான், 25 குட்டி விளக்குகளும் இரண்டு பொத்தானும் இருக்கும். தன் பெயர் அதில் ஒளிர்ந்து ஓடும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்! க்ரோம்புக்கில் யு.எஸ்.பி. இணைப்பை மாவட்டம் தடுத்திருக்கிறதா என்று மட்டும் வாங்குவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

7. பெற்றோரிடம் போவது

ஆங்கிலம் கற்கும் மாணவர்கள் 21 பேரோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு கலிஃபோர்னியப் பள்ளியிலும் அவர்களின் பெற்றோருக்கென்று எலாக் என்ற குழு இருக்க வேண்டும். அதன் கூட்டத்தில் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். பேசுபவர் ஸ்பானிஷ் தெரிந்த கல்லூரி மாணவராகவோ சமூக அமைப்பின் ஆளாகவோ இருக்கட்டும். பக்கத்தில் நீங்கள் நின்று வணக்கம் சொன்னால் போதும். அந்தப் பத்து நிமிடத்தில் சேரும் பிள்ளைகள் நோட்டீஸ் கொடுத்துச் சேருபவர்களைவிட அதிகம். நடுவில் நிற்பதும் குறைவு.

மாணவர்களில் 15 சதவீதம் பேரின் வீட்டு மொழி ஸ்பானிஷ் என்றால் பள்ளி அனுப்பும் அறிவிப்புகள் ஸ்பானிஷிலும் இருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். உங்கள் நோட்டீஸையும் அப்படியே செய்யுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே அச்சடிக்காமல், ஓர் அம்மாவிடம் படித்துக் காட்டித் திருத்துங்கள். எல்லா வீட்டிலும் ஸ்பானிஷ்தான் என்றும் நினைத்துவிட வேண்டாம். குவாத்தமாலாவிலிருந்து வந்த சில குடும்பங்கள் வீட்டில் பேசுவது மாம் என்ற மாயா மொழி. இங்கேயே பிறந்த பிள்ளைகள் பலருக்கு ஸ்பானிஷ் பேச வரும், படிக்க வராது. அதனால் திரையில் எந்த மொழி வேண்டும் என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்.

பதிவுப் படிவத்தில் பிள்ளையின் பெயர், வகுப்பு, அவசரத் தொலைபேசி எண், ஒவ்வாமை, படம் எடுக்கச் சம்மதம். இவ்வளவுதான். பிறந்த நாடு, சமூகப் பாதுகாப்பு எண், முகவரி எதையும் கேட்காதீர்கள். குடிவரவு நிலை எதுவானாலும் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் படிக்க உரிமை உண்டு என்று 1982-ல் பிளைலர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனாலும் அச்சத்தோடு வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. தேவையில்லாத ஒரு கேள்வியைப் பார்த்தால் படிவத்தைத் திருப்பித் தரமாட்டார்கள், அவ்வளவுதான். பிள்ளை வராமலே போய்விடும். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை உங்கள் லிங்க்டின் பக்கத்தில் போடவும் கூடாது.

பெற்றோரையும் அழைத்துக் குடும்ப நிகழ்ச்சி நடத்தும்போது பள்ளி வாசலில் அடையாள அட்டையை ஸ்கேன் செய்யும் கருவி இருக்கிறதா, அவர்கள் நாட்டுத் தூதரகம் தந்த அடையாள அட்டையை ஏற்பார்களா என்று முன்பே கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் நிகழ்ச்சியைக் கிளை நூலகத்தில் வையுங்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் தம்பி தங்கையை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியவர்கள். அந்தத் தம்பியையும் உள்ளே விட்டு, வரைய ஒரு தாள் கொடுத்து உட்கார வையுங்கள். இல்லையென்றால் அக்காவும் வரமாட்டாள்.

8. பாடம்

கணிமைச் சிந்தனை என்பது பெரிய வேலையைச் சின்ன வேலைகளாகப் பிரிப்பது, திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடிப்பது, வேண்டாததை ஒதுக்குவது, செய்முறையை வரிசைப்படுத்துவது. இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒன்றைக் கையில் கொடுத்தால் தானாக வரும்.

நான் பரிந்துரைப்பது லோத்தெரியா. மெக்சிகோக் குடும்பங்கள் வீட்டில் விளையாடுவது. 54 சீட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு படம்: சேவல், நிலா, சூரியன். ஆளுக்கு நாலுக்கு நாலு கட்டமுள்ள ஒரு பலகை. ஒருவர் சீட்டின் பெயரைக் கூப்பிட, மற்றவர்கள் பலகையில் அவரைக் கொட்டை வைப்பார்கள். முதல் வாரம் கணினியைத் தொடாமல் விளையாடுங்கள். "எத்தனை வழியில் ஜெயிக்கலாம்?" என்று கேளுங்கள். நாலு வரிசை, நாலு பத்தி, இரண்டு மூலைவிட்டம் என்று அவர்களே எண்ணிப் பத்து என்பார்கள். நாலு மூலையும் சேர்ந்தால் எங்கள் வீட்டில் ஜெயிப்புதான் என்று ஒருவர் சண்டைக்கு வருவார். நல்லது, விதிகளை எழுதி வைக்க வேண்டிய அவசியம் அங்கே புரியும்.

அடுத்த வாரம், ஸ்கிராட்ச் திரையில் நிற்கும் பூனையைச் சீட்டுக் கூப்பிடவைக்கச் சொல்லுங்கள். சீட்டுப் பெயர்களை ஒரு பட்டியலில் போட்டு, 1 முதல் 54 வரை ஏதோ ஓர் எண்ணை எடுத்து அந்தச் சீட்டைச் சொல்லவைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் சேவல் இரண்டாம் முறை வரும், அறையே கத்தும். "கையில் சீட்டு இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். கூப்பிட்டதை ஓரமாக வைப்போம் என்பார்கள். சரி, பட்டியலிலிருந்து நீக்கு. இப்போது பூனை சில நேரம் வெறும் வாயைத் திறக்கும், பெயர் வராது. பட்டியலில் 53-தான் மிச்சம், எண் மட்டும் இன்னும் 54 வரை எடுக்கிறது. 54 என்ற இடத்தில் பட்டியலின் நீளத்தைப் போட வேண்டும் என்று அவர்களே கண்டுபிடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். அந்தக் காத்திருப்புதான் வகுப்பு.

எல்லா லத்தீனோப் பிள்ளைகளும் மெக்சிகோக்காரர்கள் இல்லை. எல் சால்வடார், போர்ட்டோ ரிக்கோக் குடும்பங்களில் வேறு விளையாட்டுகள் இருக்கலாம். முதல் நாளே கேட்டுவிட்டு அதை வைத்துப் பாடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு கணினிக்கு இருவர், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விசைப்பலகை கை மாற வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரே கடைசிவரை தட்டிக்கொண்டிருப்பார்.

9. எப்போது எதைச் செய்வது

இங்கே பள்ளி ஆகஸ்ட் நடுவில் திறக்கிறது. ஆனால் அடுத்த ஆண்டின் மாலை நேர அட்டவணையும் நிதியும் வசந்த காலத்திலேயே முடிவாகிவிடும். பிப்ரவரி, மார்ச்சில் பேச்சைத் தொடங்குங்கள். ஏப்ரல், மே மாதத்தில் ஒப்பந்தம். ஜூன், ஜூலையில் அலுவலகங்களில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள், அப்போது கைரேகை, காசநோய்ச் சான்று, பயிற்சியை முடித்துவிடுங்கள். ஆகஸ்டில் ஃபில்டர் சோதனை, எலாக் கூட்டம். செப்டம்பரில் வரும் அமெரிக்கத் தொழிலாளர் தினத்துக்கு அடுத்த வாரம் வகுப்பைத் தொடங்கினால் நன்றி நவிலும் விடுமுறைக்கு முன் பத்து வாரம் முடிந்துவிடும். டிசம்பர் தொடக்கத்தில் வரும் கணினி அறிவியல் கல்வி வாரத்தில் குடும்ப நிகழ்ச்சியை வைக்கலாம். அதைத் தாண்டித் தள்ளாதீர்கள். பல குடும்பங்கள் ஊருக்குக் கிளம்பிவிடும். சிலர் ஜனவரி நடுவில்தான் திரும்புவார்கள்.

இரண்டாவது சுற்று நடத்துவதென்றால் ஜனவரி கடைசியில் தொடங்கி ஏப்ரலுக்குள் முடியுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மாநிலத் தேர்வு கணினியில்தான் நடக்கும், க்ரோம்புக் அடுக்கிய வண்டிகளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த வாரங்களில் எத்தனை கணினி மிஞ்சும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதற்கு முன், மார்ச்சில், வருகைக் கணக்கையும் பிள்ளைகள் செய்த இரண்டு மூன்று படைப்புகளையும் ஒரே பக்கத்தில் வைத்து, கூட்டாளிக்கும் பிரின்சிபாலுக்கும் அடுத்த ஆண்டு ஒப்பந்தத்துக்கான கடிதத்தோடு அனுப்பிவிடுங்கள். நிதி ஒதுக்கும் கூட்டத்துக்குப் போகும்போது அந்தப் பக்கம் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.